மினுங்காத கறுப்பு

கலர் அக்கா என்று அவளுக்குப் பெயர் வந்து பத்து வருஷம் ஆகிறது. அதற்கு முன்னால் அவள் திரைச்சீலை விற்கும் கடையில் வேலை பார்த்தாள். வருகிறவர்கள் சோபா உறையின் ஒரு மூலையைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு வந்து, இதற்கு என்ன நிறம் பொருந்தும் என்று கேட்பார்கள். அவள் துணியை மட்டும் பார்த்துப் பதில் சொல்லிவிட மாட்டாள். உங்கள் ஜன்னல் எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது, வெயில் காலையிலா மாலையிலா என்று விசாரித்துவிட்டுத்தான் சொல்வாள். அந்தக் கடை மூடியபோது, கார் சக்கரங்களைப் புதுப்பிக்கும் பட்டறை வைத்திருந்த அவள் தம்பி அவளைக் கூப்பிட்டுக்கொண்டான்.

"எனக்கு உலோகம் தெரியும்க்கா, கலர் தெரியாது. என் கல்யாணத்துக்கு நான் போட்ட சட்டையை நீ பாத்தல்ல" என்றான்.

அவள் பார்த்திருந்தாள். அதனால் மறுபேச்சில்லாமல் வந்துவிட்டாள்.

பட்டறையில் இரண்டே அறை. பின்னறை தம்பியுடையது. பழைய பெயின்ட்டை உரிப்பது, மணல் அடித்துச் சுத்தம் செய்வது, குழியில் விழுந்து கோணிப்போனதை அழுத்தி நிமிர்த்துவது, வெல்டிங் எல்லாம் அவன் பாடு. முன்னறையில் அக்கா. நிறப்பொடி தூவி, ஆள் உயர அடுப்பில் சக்கரத்தைச் சுட்டெடுப்பாள். சுவரில் ஒரு கம்பியில் கையகலத் தகடுகள் வரிசையாகத் தொங்கும். சில்வர், சாம்பல், வெண்கலம், கண்ணாடிபோல மினுங்கும் கறுப்பு, மினுங்காத மேட் கறுப்பு. யாராவது ஒன்றைத் தொட்டால் அவள் அதைக் கழற்றிக்கொண்டு வெளியே போவாள். காரின் பக்கத்தில் வெயிலில் பிடித்து, கொஞ்சம் தண்ணீர் தெளித்து, மேலே ஒரு சிட்டிகைப் புழுதியும் தூவிக் காட்டுவாள். மினுங்கும் கறுப்புக்கு ஆசைப்பட்டு வந்தவர்களில் பாதிப் பேர் அந்தப் புழுதியைப் பார்த்ததும் சாம்பலுக்கு மாறிவிடுவார்கள். செலவு கூடிய பூச்சை அவள் யார் தலையிலும் கட்டியதில்லை. அவள் வாக்குக்கு அந்த வட்டாரத்தில் மதிப்பு இருந்தது என்றால் சும்மா இல்லை.

ஒரு திங்கட்கிழமை ஒரு நர்ஸம்மா வந்தார். வீடு வீடாகப் போய்ப் படுக்கையில் கிடப்பவர்களுக்குக் காயம் கட்டுகிறவர். சின்னச் சாம்பல் நிறக் கார். நான்கு சக்கரத்திலும் பூச்சு கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பியிருந்தது. ஒன்று கோணியும் இருந்தது. வேறு நிறம் போட்டால் வண்டிக்கே புதுக் களை வரும் என்று அவருக்கு ஆசை. வெண்கலத் தகட்டை மூன்று தடவை கையில் எடுத்தார். கடைசியில் அதைக் கம்பியிலேயே மாட்டிவிட்டு, பளிச்சென்ற சில்வரே போதும் என்றார். அவருடைய அம்மாவுக்குப் பார்வை பெரும்பாலும் போய்விட்டதாம். ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பவருக்குச் சாம்பல் கார் ரோட்டோடு ரோட்டாகக் கரைந்துவிடுமாம். வெள்ளையாக இரண்டு வட்டம் உருண்டு வந்து நின்றால் மகள் வந்துவிட்டாள் என்று கதவைத் திறப்பாராம்.

"அப்ப சில்வர்தாம்மா. வேற பேச்சே இல்ல" என்றாள் அக்கா.

செவ்வாய்க்கிழமை தம்பி கோணலை நிமிர்த்தினான். புதன்கிழமை காலை, பொடி தூவுவதற்கு முன்னால் அந்தச் சக்கரத்தைத் துடைத்துக்கொண்டிருந்த அக்கா, ஆரக்கால் நடுவட்டத்தோடு சேரும் இடத்தில் ஒரு தலைமுடி ஒட்டியிருப்பதைப் பார்த்தாள். ஊதினாள். போகவில்லை. நகத்தால் சுரண்டினாள். அது முடி இல்லை.

தம்பியைக் கூப்பிட்டாள். பார்த்த மாத்திரத்தில் அவன் முகம் சுண்டிப்போனது. விளிம்பின் உள்பக்கம் விரிசல் என்றால் வெல்டிங் வைத்துச் சரிசெய்யலாம். ஆரக்காலின் அடியில் விரிசல் விட்டால் அந்தச் சக்கரம் செத்த சக்கரம். வண்டியின் பாரம் முழுக்க அங்கேதான் இறங்குகிறது. இது இருவருக்கும் தெரியும். முந்தின நாள் அவசரத்தில் சரியாகச் சூடேற்றாமல் அழுத்தியதில் விட்ட விரிசலாகத்தான் இருக்கும் என்பது அவனுக்கு மட்டும் தெரியும். அவன் கையைப் பிசைந்த விதத்தில் அக்காவுக்கும் தெரிந்துவிட்டது.

அது பழைய மாடல். அதே சக்கரம் தேடிப் பிடிக்க இரண்டு வாரமாவது ஆகும். நர்ஸம்மா மறுநாளே வண்டி வேண்டும் என்று சொல்லியிருந்தார். நாங்களே உடைத்துவிட்டோம் என்று சொன்னால் நாளைக்கு யார் இந்த வாசல் மிதிப்பார்கள் என்று தம்பி கேட்டான். பிறகு அவள் பதிலுக்குக் காத்திராமல் வெல்டிங் வைத்து அரத்தால் தேய்த்துச் சமமாக்கினான். ஆனால் சில்வர் பூசிப் பார்த்தபோது குட்டு வெளிப்பட்டுவிட்டது. டியூப்லைட் வெளிச்சத்தில் ஆரக்காலின் அடியில் லேசான மேடு அலை அலையாகத் தெரிந்தது. வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகிற எந்த நிறமும் அதைக் காட்டிக்கொடுக்கும்.

"மேட் கறுப்புல தெரியாது. நீ போன் பண்ணிச் சொல்லு. நீ சொன்னா அவங்க கேப்பாங்க" என்றான் தம்பி.

அவள் முடியாது என்றுதான் முதலில் சொன்னாள். அவன் கண் கலங்கி நின்றதும் போனை எடுத்தாள். சில்வர் சீக்கிரம் மங்கிவிடும், இப்போது வருகிற பொடி முன்போல இல்லை, மேட் கறுப்பு என்றால் வருஷக்கணக்கில் கவலை இல்லை என்று கோர்வையாகச் சொன்னாள். தனக்கு இவ்வளவு சரளமாகப் பொய் வரும் என்று அன்றுவரை அவளுக்கே தெரியாது. அந்தப் பக்கம் நர்ஸம்மா மெதுவாகச் சொன்னார்.

"அம்மாவுக்குத்தான் யோசிக்கிறேன். பரவால்ல, பழகிக்குவாங்க. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்க்கா."

வியாழக்கிழமை நர்ஸம்மா வந்து, சக்கரம் நன்றாக வந்திருக்கிறது என்று அவள் கையைப் பிடித்துச் சொல்லிவிட்டு வண்டியை ஓட்டிக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகு அக்காவுக்குக் கை ஓடவில்லை. ஒரு சக்கரத்தை அடுப்பில் வைத்து மறந்து பூச்சைப் பழுப்பாக்கினாள். தெருவில் எங்காவது பிரேக் கிறீச்சிட்டால் வாசலுக்கு ஓடிப் பார்த்தாள். வீட்டில் தட்டுக்கு முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தாள். என்ன என்று கேட்ட வீட்டுக்காரரிடம் தலைவலி என்றாள். நான்காம் நாள், சனி தாண்டி ஞாயிறும் அப்படியே போனபின், திங்கட்கிழமை மத்தியானம் நர்ஸம்மாவுக்குப் போன் போட்டாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. ஓட்டிக்கொண்டிருக்கிறார், அந்தச் சக்கரத்தின் மேல்தான் போய்க்கொண்டிருக்கிறார் என்று தோன்றியதும் அவளால் உட்கார முடியவில்லை. வேலைச் சீட்டிலிருந்த விலாசத்தைக் குறித்துக்கொண்டு, தம்பியிடம் சொல்லாமல் பஸ் ஏறினாள்.

வீட்டில் நர்ஸம்மாவின் அம்மாதான் இருந்தார். யார் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, மகள் வரும் நேரம்தான் என்று உட்காரச் சொன்னார். ஐந்து நிமிஷத்தில் சாம்பல் கார் வந்து ஜன்னலுக்கு நேராக நின்றது. அம்மா அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏதோ வண்டி நின்ன மாதிரி இருக்கே. பக்கத்து வீட்டுக்கா?" என்றார். பிறகு தானாகவே சொன்னார். "இப்பல்லாம் எனக்கு அடையாளமே தெரியல. முந்தாநாள் யாரோன்னு நெனச்சுக் கதவத் தொறக்கல. பாவம், பைய வச்சுக்கிட்டு வெளியவே நின்னிருக்கா."

அக்கா எழுந்து வெளியே போனாள். நர்ஸம்மா காரின் கதவைப் பூட்டிக்கொண்டிருந்தார். அங்கேயே, காரின் பக்கத்தில் நின்றபடி, விரிசலிலிருந்து போன் வரை ஒன்று விடாமல் சொன்னாள். தம்பி மேல் பழி போடவில்லை. அந்த நிறத்தைச் சொன்னது நான்தான் என்றாள்.

நர்ஸம்மா திட்டவில்லை. அது அக்காவுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

"வெள்ளிக்கிழமை அம்மாவப் பக்கத்துல உக்கார வச்சுக் கண் டாக்டர்கிட்டப் போயிட்டு வந்தேன். பெரிய ரோட்டு வழியா" என்று மட்டும் சொன்னார்.

பிறகு டிக்கியிலிருந்து மாற்றுச் சக்கரத்தை எடுத்தார். அக்கா ஜாக்கியைப் பிடிக்கக் குனிந்தபோது வேண்டாம் என்று கையால் தடுத்தார். தானே கழற்றி, தானே மாட்டி, கழற்றியதை டிக்கியில் போட்டுக்கொண்டு, நாளைக்குப் பட்டறைக்கு வருவதாகச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அன்று சாயங்காலம் தம்பியிடம் சொன்னாள். அவன் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"ஊருக்கு நல்லவளாயிட்ட. கூடப் பொறந்தவன் தெருவுல நிக்கட்டும்னு நெனச்சிட்டல்ல" என்றான்.

அவள் தகடுகளைக் கம்பியில் மாட்டிவிட்டு வீட்டுக்குக் கிளம்பினாள்.

மறுநாள் நர்ஸம்மா சக்கரத்தை மேஜை மேல் வைத்தார். இதை அறுங்கள், நான் பார்க்க வேண்டும் என்றார். தம்பி ஏதோ சொல்ல வாயெடுத்து, அவர் முகத்தைப் பார்த்துவிட்டு அறுக்கும் இயந்திரத்தை எடுத்தான். ஆரக்காலின் குறுக்கே அறுத்து, துண்டைத் திருப்பினான். வெல்டிங் மேலே தோல் மாதிரிதான் பிடித்திருந்தது. அதற்குக் கீழே விரிசல் கறுப்புக் கோடாக உள்ளே இறங்கி, ஆரக்காலின் பாதித் தடிமனைத் தின்றிருந்தது. வெளியே தெரிந்தது அதன் நுனி மட்டும்தான்.

தம்பி இயந்திரத்தை நிறுத்தினான். துண்டைக் கீழே வைக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றான். நர்ஸம்மா அந்தத் துண்டை வாங்கி ஒரு துணியில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டார். மற்ற மூன்று சக்கரத்தையும் வேறு இடத்தில் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போலீசுக்குப் போகவில்லை. கேட்டவர்களிடம் மறைக்கவும் இல்லை. அடுத்த இரண்டு மாதம் பட்டறை ஈயடித்தது. தம்பி ஒவ்வொரு பழைய சாமான் கடையாக ஏறி இறங்கி, அதே மாடல் சக்கரம் ஒன்றைக் கண்டுபிடித்து அவர் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தான். நர்ஸம்மா வாசலிலேயே வாங்கிக்கொண்டார், உள்ளே கூப்பிடவில்லை என்று அவன் மனைவி மூலமாகத்தான் அக்காவுக்குத் தெரிந்தது. அக்காவிடம் அவன் வேலைப் பேச்சைத் தவிர வேறு பேசவில்லை. அவன் சாப்பிட்டு முடித்தபிறகுதான் அவள் தன் சாப்பாட்டு டப்பாவைத் திறப்பாள். நிறம் கேட்டு வருகிறவர்களுக்கு அவள் தகடுகளைக் காட்டினாள், புழுதி தூவினாள். ஆனால் எது என்று சொல்லும் இடம் வந்ததும் வாய் கட்டிப்போனது. நீங்களே ஒரு முடிவுக்கு வாங்க என்றுவிடுவாள். தெரியாமல் இல்லை. சொல்ல உரிமை இருக்கிறதா என்பதுதான் தெரியவில்லை.

மூன்றாம் மாதம் ஒரு மத்தியானம் தம்பி முன்னறைக்கு வந்தான். கையில் உரித்து வைத்த ஒரு சக்கரம். யாரோ வாடகைக் கார் ஓட்டுகிறவருடையது.

"இத ஒரு தடவ பாரேன்க்கா. எனக்குச் சந்தேகமா இருக்கு" என்றான்.

அவள் விளக்கைத் தாழ்த்திப் பிடித்தாள். இருவரும் குனிந்து பார்த்தார்கள். அரம் பட்ட கீறல் போலவும் இருந்தது, இல்லாதது போலவும் இருந்தது. நிச்சயமாகச் சொல்ல அவளால் முடியவில்லை. அவனாலும் முடியவில்லை. அவன் சக்கரத்தை ஓரமாக வைத்துவிட்டு, சந்தேகத்தைச் சொல்லிவிட ஓட்டுநரின் போன் எண்ணைத் தேட ஆரம்பித்தான்.