நாப்லாவின் செம்பட்டை முடி

கடலுக்குக் கிளம்பிய மீனவனுக்குச் செம்பட்டை முடிக்காரி எதிர்ப்பட்டால் அன்றைக்கு அவன் வலையைத் தொடமாட்டான். வந்த வழியே வீட்டுக்குத் திரும்பிவிடுவான். கானமாரா என்ற அந்தக் கடற்கரைப் பகுதியில் இதை மறுத்துப் பேசப் பாதிரியாருக்கே தைரியம் கிடையாது. நாப்லாவின் முடியோ உலையில் பழுத்த இரும்பு மாதிரி. அதனால் முப்பத்திரண்டு வயதுவரை, விடிந்தால் கடற்கரைப் பாதையை விட்டுச் சதுப்பைச் சுற்றித்தான் அவள் மாட்டை ஓட்டிப் போனாள். எவ்வளவு கெட்டிக்காரி! இருந்தும் அந்த மீனவ ஊரில் ஒருத்தனும் பெண் கேட்டு வரவில்லை. அவளுக்கு அது வலிக்கத்தான் செய்தது.

ஒரு ஏப்ரல் காலையில் பசு கன்று போட முடியாமல் தவித்தது. மாட்டு வைத்தியம் தெரிந்தவன் படகுக்காரன் ஃபெஸ்டி ஒருவன்தான். நாப்லா யோசிக்காமல் கடற்கரைப் பாதையில் ஓடினாள். எதிரே துடுப்புகளோடு ஃபெஸ்டியும் அவன் கூட்டாளிகள் இருவரும்.

"போச்சுடா! கானாங்கெளுத்தி மொய்க்கிற நேரத்துலயா?" என்று தலையில் கைவைத்தார் அந்த இருவரில் ஒருவரான கிழவர் கோமன்.

"அப்புறமா திட்டுங்க. எம்பசு சாகக் கிடக்கு!"

எப்படியும் கடலுக்குப் போக முடியாது. ஃபெஸ்டி வந்தான், கிடாரிக் கன்றை இழுத்துப் போட்டான், மூன்று குவளை தேநீர் குடித்தான்.

மறுநாள் விடியலில் சதுப்பு வழியில் நின்றான், கன்றை விசாரிக்க. அன்றும் படகு போகவில்லை. மூன்றாம் நாளும் அதே கதை. ஊரே நாப்லாவைக் கரித்துக் கொட்டியது. கோமன் சண்டைக்கே வந்துவிட்டார்.

நாப்லா ஃபெஸ்டியிடம் பாய்ந்தாள். "இன்னொரு தடவ என் வழியில வந்த, பாஸ்டன்ல இருக்கிற அக்காகிட்டயே கப்பலேறிடுவேன்! நீ வர்ற, திட்டு எனக்கா?"

ஃபெஸ்டி தொப்பியைக் கழற்றிப் பிசைந்தான். "வழியில எதிர்ப்பட்டாத்தான தோஷம்? ஒரே வீட்டுலேருந்து நான் முன்னால கிளம்பினா, நீ எப்படி எதிர்ல வருவ?"



கோமன் தாடையைச் சொறிந்தார். "நியாயந்தான். முதுகுக்குப் பின்னால நிக்கிறவளப் பத்திப் பெரியவங்க ஒண்ணும் சொல்லி வைக்கலயே. பொண்ணே, சட்டுபுட்டுனு பதில் சொல்லு. மீனு காத்துக்கிட்டிருக்காது!"

"சரின்னுதான் சொல்றேன், போய்யா!" என்றாள் நாப்லா. அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன.

நாற்பது வருடம் ஃபெஸ்டி அவளுக்கு முன்னால் கிளம்பினான். ஒருநாள்கூட வெறும் வலையோடு திரும்பியதில்லை என்று அவள் பீற்றிக்கொள்வாள். பாதிக்குமேல் பொய். ஆனால் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்கவேண்டும்!