போசன் யாரையும் எழுப்ப மாட்டார்

பலகையில் எழுதியிருப்பதை உள்ளங்கையால் ஒரே தேய்ப்பாகத் தேய்த்து அழித்துவிட்டு, எங்கள் போசன் ஆட்களை மறுபடி ஜோடி சேர்க்கிறார். காலை ஆறரை மணி. மேல்தள வேலைக்காரர்கள் எட்டுப் பேர், நான்கு நாட்டுக்காரர்கள், டீயும் கையுமாக நிற்கிறார்கள். ஒரே நாட்டுக்காரர் இருவரைச் சேர்த்து வேலைக்கு அனுப்புவது அவருக்குப் பொறுக்காது. "ஒரே ஊர்க்காரன் ரெண்டு பேரு சேர்ந்தா வாய்தான் வேல செய்யும், தம்பி. பாஷை தெரியாதவன் பக்கத்துல நின்னாத்தான் ஒருத்தன ஒருத்தன் பாத்துக்கிட்டே இருப்பான்" என்பார்.

போசன் என்றால் மேல்தள ஆட்களுக்குத் தலைவர். கயிறு, பெயிண்ட், துரு, சண்டை எல்லாம் அவர் பொறுப்பு. நான் அதே கப்பலில் எலெக்ட்ரீஷியன். அவரை நான் 'அண்ணே' என்று கூப்பிடப்போய், இப்போது கேப்டன் உட்படக் கப்பலே அவரை அண்ணே என்கிறது. ஐம்பத்து நான்கு வயது. குட்டைக் கழுத்து, பீப்பாய் நெஞ்சு, படி இறங்கும்போது மட்டும் கொஞ்சம் முனகல். பொது அறை டிவியின் ரிமோட் அவர் பையில்தான் இருக்கும். நாளுக்கு ஒரு நாட்டுப் படம். தன் நாட்டுப் படத்துக்கு மட்டும் வந்து உட்காருகிறவனைக் காதைப் பிடிக்காத குறையாக இழுத்து வருவார். "மத்தவன் படத்துல உனக்கு அழுக வரலேன்னாலும் பரவால்ல, உக்காரு." எல்லாப் படத்துக்கும் அழுகிற ஒரே ஆள் அவர்தான் என்பது வேறு விஷயம்.

கோபம் வந்தால் அவருக்கு ஆங்கிலம் மறந்துபோகும். எதிரே எந்த நாட்டுக்காரன் நின்றாலும் தமிழில்தான் அர்ச்சனை. ஒருவனும் இதுவரை அர்த்தம் கேட்டதில்லை.

நெட்டை என்று ஒருவன், பாட்டுக்காரன் என்று ஒருவன், வேறு வேறு நாடு. துவைக்கும் மெஷினில் ஊறிக்கொண்டிருந்த துணியை ஒருவன் எடுத்துத் தரையில் போட்டுவிட்டான் என்று சட்டையைப் பிடிக்கும் அளவுக்குப் போய்விட்டது. அண்ணன் பஞ்சாயத்து பேசவில்லை. புகைபோக்கிக்குப் பெயிண்ட் அடிக்கத் தொங்கவிடும் பலகையில் இருவரையும் ஏற்றிவிட்டார். இரண்டு முனையிலும் ஒவ்வொரு கயிறு. ஒருவன் மட்டும் கயிற்றைத் தளர்த்தினால் பலகை சாய்ந்துவிடும். இடுப்புப் பட்டை இருந்தாலும் உயிர் ஒரு தடவை போய்த்தான் திரும்பும். காலையில் முறைத்துக்கொண்டு ஏறினார்கள். மதியம் ஒருவனையொருவன் எண்ணிக்கை சொல்லி இறக்கிக்கொண்டார்கள். சாயங்காலம் ஒரே பாட்டிலில் தண்ணீர் குடித்தார்கள். அன்றிலிருந்து அவர்களைப் பிரிக்க அண்ணனாலேயே முடிவதில்லை.

இப்படி ஒரு மனிதர் இருக்கும் கப்பலுக்குத்தான் போன மாதம் கம்பெனி ஆபீஸிலிருந்து ஒரு பெட்டி வந்தது. உள்ளே இருபது டி-ஷர்ட்டுகள், நெஞ்சில் 'நாம் ஒரே குடும்பம்'. எல்லாம் ஒரே அளவு! முன்பு இருபத்திரண்டு பேர் இருந்த கப்பல் இது. இரண்டு பேரை ஊருக்கு அனுப்பிவிட்டு, பதில் ஆள் அனுப்பாமல் சட்டை அனுப்பியிருக்கிறார்கள். கூடவே ஒரு மெயிலும் வந்தது. வெள்ளிக்கிழமை நண்பகலுக்குள் இருபது பேரும் அதைப் போட்டு, தோளில் கைபோட்டு, சிரித்தபடி நிற்கும் படம் வேண்டுமாம். ஒரு ஆள் குறைந்தாலும் செல்லாதாம். அதே மெயிலின் அடியில் இன்னொன்று: நான்கு நாளில் கழுவும் சரக்கு அறைகளை இரண்டு நாளில் கழுவி முடிக்க வேண்டும்.

கழுவினார்கள். வியாழன் பகல் இரண்டு மணிக்குக் கீழே இறங்கிய நெட்டையும் பாட்டுக்காரனும் வெள்ளி காலை ஒன்பதுக்குத்தான் மேலே வந்தார்கள். சுவரில் அப்பியிருந்த நிலக்கரித் தூளைப் பத்தொன்பது மணி நேரம் தண்ணீர் பீய்ச்சிக் கழுவியிருக்கிறார்கள். ஓய்வு நேரப் படிவத்தில் மட்டும் இருவரும் பத்து மணி நேரம் தூங்கியதாக எழுதியாகிவிட்டது. அடுத்தவன் தூக்கத்தை எழுத அதிகாரிகளுக்கு எப்படித்தான் கை வருகிறதோ! பகல் மூன்று மணிக்கு அடுத்த துறைமுகம். கப்பலைக் கரையோடு கட்டும் கயிற்றடியில் நிற்க வேண்டியவர்களும் அதே இருவர்தான்.

பதினொரு மணிக்கு நான் டி-ஷர்ட்டோடு தேடிப் போனபோது, இருவரின் அறைகளுக்கும் நடுவே பெயிண்ட் வாளியைக் கவிழ்த்துப்போட்டு அண்ணன் உட்கார்ந்திருந்தார்.

"படத்துக்கு எல்லாரும் வந்தாச்சுண்ணே. இவங்க ரெண்டு பேருதான்..."

"தெரியும். மெதுவாப் பேசு." பக்கத்தில் குந்தச் சொன்னார். "போன கப்பல்ல ஒரு பையன், மூணு நாளா சரியான தூக்கம் இல்ல. கயிறு கட்டுற நேரத்துல நின்ன வாக்குலயே கண்ணு சொருகிடுச்சு. வளையத்துக்குள்ள கால். கயிறு இறுக்கிடுச்சு. முழங்காலுக்குக் கீழ ஒண்ணும் மிஞ்சல, தம்பி. ரிப்போர்ட்ல 'கவனக்குறைவு'ன்னு எழுதி, சாட்சிக்கு என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னாங்க. வேல போயிடும்னு பயந்துக்கிட்டுப் போட்டேன். அந்தக் கைய அன்னிக்கே வெட்டிப் போட்டிருக்கணும்."

கேப்டனே இறங்கி வந்துவிட்டார். அந்த ஒரே அளவுச் சட்டையில் அவர் வயிறு பிதுங்கிக்கொண்டிருந்தது. மணிக்கு ஒரு மெயில் வருகிறது அவருக்கு, பாவம்தான். ஆனால் பாவம் பார்க்க எனக்கு அன்று மனசில்லை. "ஐந்து நிமிடம்தான், எழுப்புங்கள்" என்றார் ஆங்கிலத்தில்.

அண்ணன் உதட்டில் விரல் வைத்தார். பிறகு ஆரம்பித்தார். "அஞ்சு நிமிஷமா? எழுப்பினா அப்புறம் எங்க தூங்குறது? மூணு மணிக்கு இவனுங்க காலுதான் கயித்துக்கிட்ட நிக்கும், உங்க ஆபீஸ்காரன் காலா நிக்கும்? குடும்பமாம் குடும்பம்! ஒழச்சுட்டு வந்து படுத்தவன எழுப்பி இளிக்கச் சொல்றது எந்த ஊர்க் குடும்பம்யா?" எல்லாம் தமிழில், எல்லாம் கிசுகிசுப்பில். அவ்வளவு கோபத்தை அவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை.

கேப்டனின் முகம் சிவந்தது. அவரும் தன்னையறியாமல் குரலைத் தாழ்த்திக்கொண்டார். அந்த மாதம் அண்ணனைப் பற்றி அவர் ஆபீஸுக்கு அறிக்கை எழுத வேண்டும். அதில் 'குழு மனப்பான்மை இல்லாதவர்' என்று எழுதும்படி ஆகிவிடும், எழுதினால் அடுத்த ஒப்பந்தம் கிடைக்காது என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இந்த வயதில் வேறு எந்தக் கம்பெனி கூப்பிடும்? அவருடைய சின்ன மகளுக்கு இன்னும் ஒரு வருடப் படிப்பு பாக்கி இருக்கிறது. எட்டுப் பேரை ஒரே கையாகச் சேர்த்து வைத்திருப்பவருக்கா குழு மனப்பான்மை இல்லை?

அண்ணன் வாளியிலிருந்து எழுந்தார். வழிவிடப் போகிறார் என்றுதான் நினைத்தேன். சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்து, சத்தம் வராமல் மூடியைக் கழற்றி, கேப்டனிடம் நீட்டினார்.