டீசலில் குளித்த நாய்

நாய் ஆஸ்பத்திரியில் நர்ஸ் என்று சொன்னால் சொந்தக்காரர்கள் சிரிக்கிறார்கள். கல்யாணப் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தால் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொள்கிறார்கள். இன்னொரு கூட்டமும் உண்டு. நான் நாள் முழுக்க நாய்க்குட்டிகளோடு விளையாடிச் சம்பளம் வாங்குகிறேன் என்று நினைக்கிற கூட்டம். இரண்டு கூட்டத்தையும் எனக்குப் பிடிக்காது.

எங்கள் கிளினிக் டோல்கேட் பக்கத்தில் ஒரு தெருவில், மாடியில் இருக்கிறது. கீழே பரோட்டா கடை. லிஃப்ட் கிடையாது. முப்பது கிலோ நாயை மயக்கத்தில் படியிறக்குவது என் முதுகுதான். டாக்டர் ஒருவர், நான் ஒருத்தி, அவ்வளவுதான் ஆள்பலம். டாக்டர் வயதில் சின்னவர், பொறுமைசாலி, வேலை தெரிந்தவர். கோபப்படுகிற வேலையை என்னிடம் விட்டுவிட்டார்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிற பெண்கள் என்னிடம் யோசனை கேட்பார்கள். நகத்தை ஒட்ட வெட்டு, துப்பட்டாவை வீட்டிலேயே விட்டுவிட்டு வா என்பேன். கடிக்கப் போகிற நாயைச் சத்தத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது, உடம்பு விறைக்கும், கண்ணில் வெள்ளை தெரியும், அதைப் பார்த்துப் பழகு. பூனையைத் துண்டில் சுருட்டிப் பிடி. மூச்சுத் திணறுகிற நாய்க்கும் வாந்தி எடுக்கிற நாய்க்கும் வாயைக் கட்டாதே. இதெல்லாம் கொஞ்ச நாளில் கைக்கு வந்துவிடும். வராதது ஒன்று இருக்கிறது. கூட வருகிற மனிதர்களைக் கேள்வி கேட்பது. அவர்கள் பொய் சொல்வதில்லை. ஆனால் தாங்கள் செய்ததில் எது விஷம் என்று அவர்களுக்குத் தெரியாது. தெரியாததை எப்படிச் சொல்வார்கள்? நாம்தான் தோண்டி எடுக்க வேண்டும்.

போன மழைக்காலத்தில் வந்த ஒரு நாயை வைத்துத்தான் இதைச் சொல்கிறேன்.

காலை நேரம். நாய் படியேறி வருவதற்கு முன்னாலேயே அதன் நாற்றம் வந்துவிட்டது. பெட்ரோல் பங்க்கைத் தூக்கிக்கொண்டு வருகிற மாதிரி. ஒரு ஆள் கோணிப்பையில் சுற்றி ஒரு பழுப்பு நிற நாட்டு நாயைத் தூக்கி வந்தார். பெட்டை. பின்னாலேயே அவர் மனைவி, கையில் ஒரு தண்ணீர் பாட்டிலோடு. எண்ணூரிலிருந்து வருகிறார்களாம். எந்த ஷேர் ஆட்டோவும் ஏற்றவில்லை. தெரிந்த பையன் ஒருவனின் மீன் ஏற்றுகிற குட்டியானை வண்டியில், ஐஸ் பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து வந்திருக்கிறார்கள். அவர் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் விசைப்படகு இன்ஜின் மெக்கானிக். அந்தம்மா மீன் விற்கிறவர்.

"ஆயில் குழில வுழுந்துடுச்சு சிஸ்டர்," என்றார் அவர். "நல்லா கழுவிட்டேன். ஒரு சொட்டு ஆயில் இல்ல. ஆனா நைட்டுலேர்ந்து மூச்சு வாங்கினே கீது."

அவர்கள் வீட்டுக்குப் பக்கத்தில் லாரி ஷெட் வரிசை. வண்டியிலிருந்து எடுக்கிற பழைய இன்ஜின் ஆயிலை ஒரு குழி வெட்டி அதில் கொட்டுகிறார்கள். மேலே மூடி கிடையாது. மழை பெய்தால் தண்ணீர் நிரம்பித் தரையோடு தரையாகிவிடும். நாய்க்கு எது குழி, எது தரை என்று தெரியவில்லை. கழுத்துவரை உள்ளே போய்விட்டது.

நான் அந்த ஆள் சொன்னதில் 'நல்லா கழுவிட்டேன்' என்ற இரண்டு வார்த்தையைப் பிடித்தேன். நாய் மேலிருந்து வந்தது பழைய ஆயிலின் வாடை இல்லை.

"எதுல கழுவுன?"

"டீசல்லதான். பின்ன இன்னாத்துல கழுவுறது?"

சொல்லும்போது அவர் முகத்தில் தப்பு செய்த உணர்வே இல்லை. ஏன் இருக்கப்போகிறது? துறைமுகத்தில் இன்ஜின் வேலை செய்கிற அத்தனை பேரும் அப்படித்தான் கை கழுவுகிறார்கள். வெட்டிய கேனில் கொஞ்சம் டீசல் இருக்கும். வேலை முடிந்ததும் முழங்கைவரை அதில் முக்கித் தேய்ப்பார்கள். கரி, கிரீஸ், ஆயில் எல்லாம் கரைந்து ஓடிவிடும். பிறகு சோப்புத்தூள் போட்டு அலசிவிட்டுச் சாப்பிடப் போவார்கள். அவருக்குத் தெரிந்த கழுவல் அது ஒன்றுதான். நாய் கழுத்துவரை கறுப்பாக வந்து நின்றதும், டீசல் விற்கிற விலையில், ஒரு கேன் முழுவதையும் அதன் மேல் ஊற்றித் தேய்த்திருக்கிறார். அன்பு இல்லாதவன் அதைச் செய்யமாட்டான். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அதுவும் ஒரு காரணம்.

ஆயிலோடு விட்டிருந்தால் அந்த நாய்க்கு இவ்வளவு ஆகியிருக்காது. கெட்டியான ஆயில் மெதுவாகத்தான் வேலை செய்யும். துணியால் வழித்துவிட்டு எங்களிடம் தூக்கி வந்திருக்கலாம். டீசல் அப்படியில்லை. கோணியைப் பிரித்துப் பார்த்தேன். வயிற்றுத் தோல் வெந்நீர் கொட்டின மாதிரி சிவந்து, தொடை இடுக்கில் உரிய ஆரம்பித்திருந்தது. எரிச்சல் தாங்காமல் ராத்திரி முழுக்க நக்கியிருக்கிறது. நக்கின டீசல் வயிற்றுக்குள். ஆவி நுரையீரலில். ஈறு வெளிறிப்போய், விலா எலும்பு ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே இழுத்தது.

டாக்டர் ஆக்சிஜன் வைத்தார். அப்போதுதான் அந்தம்மா கையில் இருந்த பாட்டிலைத் திறந்தார். உப்புத் தண்ணீர். பக்கத்து வீட்டில் யாரோ சொன்னார்களாம், ஊற்றினால் வாந்தி எடுத்து எல்லாம் வெளியே வந்துவிடும் என்று. நான் அதைப் பிடுங்கித் தொட்டியில் கொட்டினேன். டீசலோ மண்ணெண்ணெயோ குடித்த எதையும் வாந்தி எடுக்கவைக்கக் கூடாது. வெளியே வருகிறபோது பாதி நுரையீரலுக்குள் போகும். அதோடு கதை முடிந்தது. இதை எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன் என்று எனக்கே தெரியாது. அடுத்த வாரம் இன்னொருத்தர் உப்புத் தண்ணீர் பாட்டிலோடு வருவார்.

மூச்சு கொஞ்சம் நிதானமானதும் டாக்டர் கழுவச் சொன்னார். அந்த ஆளை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு அந்தம்மாவைக் கூட வைத்துக்கொண்டேன். இதைப் படிக்கிறவர்கள் தெரிந்துகொள்ளுங்கள். முதலில் கையுறை. பிறகு காய்ந்த துணியால் ஒற்றி எடுக்க வேண்டும், தேய்க்கக் கூடாது. விரல் இடுக்கிலும் காது மடலிலும் ஒட்டியிருந்த கெட்டி ஆயிலுக்கு ரேஷன் பாமாயில் தடவி ஊறவைத்தேன். சமையல் எண்ணெய் எதுவானாலும் போதும், அதில் இளகி வரும். அப்புறம் பாத்திரம் தேய்க்கிற திரவ சோப்பு, வெதுவெதுப்பான தண்ணீர். நாற்றம் போகிறவரை திரும்பத் திரும்ப. குளிரில் நடுங்கவிடாமல் உடனே துடைத்துப் போர்த்த வேண்டும். நக்காமலிருக்கக் கழுத்தைச் சுற்றி பிளாஸ்டிக் கூம்பு. அவ்வளவுதான் வித்தை. கையுறையும் கூம்பும் தவிர எல்லாம் எந்த வீட்டு அடுப்படியிலும் இருக்கிற சாமான்.

அந்தம்மா நாயின் தலையை மடியில் வைத்து மூக்கில் ஆக்சிஜன் மாஸ்க்கைப் பிடித்துக்கொண்டிருந்தார். விடியாத இருட்டில் மீன் ஏலத்துக்குக் கிளம்புகிறவர் அவர். வீட்டிலிருந்து ஆட்டோ நிற்கிற இடம்வரை லாரிகளுக்கு நடுவே நடக்க வேண்டும். வண்டிக்கு அடியில் படுத்திருப்பவன் எழுந்து வருவான், குடித்தவன் பின்னாலேயே வருவான். நாய் முன்னால் நடந்தால் ஒருத்தனும் கிட்டே வரமாட்டான். ஆட்டோ கிளம்புகிறவரை நின்றுவிட்டுத்தான் அது வீட்டுக்குத் திரும்புமாம். இதையெல்லாம் என்னிடம் சொல்கிற மாதிரி இல்லாமல் சொல்லிக்கொண்டே வந்தார்.

"இது இல்லாட்டி நான் எப்டி யாவாரத்துக்குப் போறது?" என்றார் கடைசியில்.

பிழைக்குமா என்று டாக்டரைக் கேட்டார். நுரையீரலில் எவ்வளவு போயிருக்கிறது என்று இன்றைக்குச் சொல்ல முடியாது, இன்னும் மோசமாகலாம், இங்கேயே இருக்கட்டும் என்றார் டாக்டர். உண்மை அதுதான். இனிப்பாகப் பேசி அனுப்புகிற பழக்கம் எங்கள் இரண்டு பேருக்கும் இல்லை.

வெளியே வந்து அந்த ஆளைப் பிடித்துக்கொண்டேன். படிக்கட்டில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி கத்தினேன். கத்தியது தப்பு என்று இன்றைக்கும் நினைக்கவில்லை. யாராவது கத்தியிருந்தால் இந்த டீசல் கழுவல் முன்னாலேயே நின்றிருக்கும்.

"யோவ், அது இன்னா இன்ஜினா? தோலுய்யா. தோலு மேல டீசல ஊத்துனா வேகாதா?"

அவர் இரண்டு கையையும் நீட்டிக் காட்டினார். விரல் மூட்டுகளெல்லாம் பிளந்து கிடந்தன. உள்ளங்கை காய்ந்த களிமண் மாதிரி வெடித்து, வெடிப்புக்குள் கறுப்பு ஏறியிருந்தது. மணிக்கட்டில் தோல் உரிந்து இளஞ்சிவப்பாக, உள்ளே கிடக்கிற நாயின் வயிறு எப்படி இருந்ததோ அப்படியே.

"எங்க எல்லார் கையும் இப்டிதான் கீது சிஸ்டர். அது நாயிக்கு மட்டும் ஆவாதுன்னு எனக்கு எப்டித் தெரியும்?"

எனக்கு இன்னும் அதிகமாகக் கோபம் வந்தது. யார் மேல் என்று பிரிக்கத் தெரியவில்லை. கை இப்படி ஆனபிறகும் ஒரு டாக்டரிடம் காட்டாத இவர் மேலா? காட்டினேன், வேலையை மாற்று என்றார்கள் என்று அவர் சொன்னபோது அந்த டாக்டர் மேலா? அத்தனை இன்ஜின் ஓடுகிற இடத்தில் கை கழுவ ஒரு சோப்பு வைக்காத படகு முதலாளிகள் மேலா?

அன்று மதியம் குழியைப் பற்றிப் புகார் சொல்ல மாநகராட்சி அலுவலகத்துக்குப் போன் செய்தேன். பேசினவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, மனிதர்கள் யாராவது விழுந்தார்களா என்று கேட்டார். இல்லை, நாய் என்றேன். சரிம்மா, பார்க்கிறோம் என்று வைத்துவிட்டார். மனிதர் விழுந்தால் இன்னொரு குழி வெட்டி அவரைப் புதைப்பார்கள், இந்தக் குழி அப்படியே இருக்கும்.

நாய் இரண்டு நாள் எதையும் தொடவில்லை. டாக்டர் சொன்னபடியே முதலில் மோசமாகத்தான் போனது. மார்பில் கரகரவென்று சத்தம். மருந்து, டிரிப்ஸ், ஆக்சிஜன், படுத்த பக்கம் மாற்றிப் போடுவது. மூச்சை எண்ணி எழுதுவது என் வேலை. அந்தம்மா தினமும் யாவாரம் முடிந்து கூடையோடு வருவார். ஆட்டோ ஸ்டாண்டுவரை கூட நடக்க ஆள் இல்லாததால், இப்போது நன்றாக விடிந்தபிறகு கிளம்புகிறாராம். ஏலத்தில் நல்ல மீனெல்லாம் போய்விடுகிறது என்றார். அப்புறம் ஒரு நாள் கூடைக்குள்ளிருந்து வேகவைத்த சங்கரா மீனை முள்ளெடுத்துக் கொடுத்தார். நாய் தலையைத் தூக்கி மோந்து பார்த்துவிட்டு, ஒரு துண்டைத் தின்றது. டாக்டர் மார்பில் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டுவிட்டு என்னைப் பார்த்துத் தலையாட்டினார்.

வீட்டுக்கு அனுப்புகிற நாளில் அந்த ஆள் வேலையிலிருந்து நேராக வந்தார். கதவைத் திறந்து உள்ளே கால் வைத்ததும் நாய் எழுந்து நின்றது. வாலை ஆட்டப்போகிறது என்றுதான் நினைத்தேன். அது பின்வாங்கியது. பின்னால் நகர்ந்து நகர்ந்து மருந்து அலமாரியில் முட்டி, அங்கேயே நின்று மூத்திரம் விட்டது. அவர் குனிந்து கையை நீட்டினார். கையிலிருந்து டீசல் வாடை எனக்கே அடித்தது. நாய் பல்லைக் காட்டியது.

"இன்னாமே, நான்தான்," என்றார் அவர், மெதுவாக.

நாய் அந்தம்மாவின் புடவைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது. அந்த ஆளின் முகத்தைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. மாப்பை எடுத்துத் தரையைத் துடைத்தேன். துடைத்துக்கொண்டே, டீசலை விட்டால்தான் அது கிட்டே வரும் என்றேன். பாமாயில், பாத்திர சோப்பு, எப்படித் தேய்க்க வேண்டும், தேய்த்தபிறகு கைக்கு என்ன தடவ வேண்டும் எல்லாம் சொன்னேன். இதே விஷயத்தை அவர் கை பிளந்தபோது ஒருத்தரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டார். இப்போது ஒவ்வொரு வார்த்தையையும் வாயசைத்து மனப்பாடம் செய்தார்.

தடுப்பூசிக்கு அவர்கள் திரும்பி வந்தபோது அவர் கை ஓரளவு மூடியிருந்தது. துறைமுகத்தில் பாத்திர சோப்பு பாட்டிலை எடுத்தால் மற்றவர்கள் கிண்டல் செய்கிறார்களாம், "இன்னா மாமு, வூட்ல பாத்திரம் நீதான் வெளக்குறியா?" என்று. அவர் கண்டுகொள்வதில்லை. நாய் விடியற்காலையில் மறுபடி அந்தம்மாவோடு நடக்கிறது, ஆனால் லாரி ஷெட் பக்கம் போனால் இருமுகிறது. நடை கொஞ்சம் குறைவு. பாதி வழியில் நின்று மூச்சு வாங்கும்போது அந்தம்மாவும் கூடவே நிற்கிறாராம்.

பெஞ்சில் அந்த ஆள் ஒரு ஓரம், அந்தம்மா மறு ஓரம், நாய் அந்தம்மாவின் காலடியில். நான் ஊசியை எடுத்து வந்தபோது அது ஒரு முறை எழுந்து அந்த ஆளின் முழங்கால்வரை போய், விரல் நுனியை மோந்து பார்த்தது. நக்கவில்லை. ஓடவும் இல்லை. திரும்பி வந்து படுத்துக்கொண்டது. அவர் கையை அசைக்காமல் அப்படியே வைத்திருந்தார்.

குழியை மூடிவிட்டார்களா என்று கேட்டேன். இல்லை என்றார். அந்தம்மாவை நாயைப் பிடிக்கச் சொல்லிவிட்டு ஊசியைப் போட்டேன்.