பொட்டுக்குக் கீழ இருந்த விரிசல்

அம்மாவோட சைக்கிள் கிறீச் கிறீச்னு சத்தம் போட ஆரம்பிச்சப்ப நான் சீட்டுதான்னு நெனச்சேன். சீட்டுக் கம்பிக்கு எண்ணெய் விட்டேன். அப்புறம் பெடல்னு நெனச்சேன், அதுக்கும் விட்டேன். சத்தம் போகல. சாப்பாட்டு டெலிவரிக்குப் போறவளுக்கு சத்தத்தத் தேடுறதுக்கெல்லாம் நேரம் கெடையாது. காதுல இயர்போன மாட்டிட்டு மிதிச்சேன்.

அது மடக்கு சைக்கிள். நடுக் குழாயில ஒரு கீல் இருக்கும், பக்கத்துல ஒரு லீவர். லீவரத் தூக்குனா சைக்கிள் பாதியா மடியும், எம்ஆர்டி ரயில்ல தூக்கிட்டுப் போலாம். அம்மா தேக்கா பக்கத்துல ஒரு சாப்பாட்டுக் கடையில காலைல வடை போடுற வேலை பாத்தாங்க. பாசிர் ரிஸ்ல எங்க அடுக்குமாடி பிளாக்குக்கு முதல் பஸ் வர்றதுக்கு முன்னாடியே கெளம்பணும். அதுக்காக வாங்குனது. ஸ்டேஷன்லயே பூட்டிட்டுப் போனா என்னன்னு அப்பா கேட்டாரு. "தொலஞ்சா நீங்களா என்னைச் சுமந்துட்டுப் போவீங்க"ன்னாங்க அம்மா. அப்பா நைட்ல ஒரு ஆபீஸ் கட்டடத்துல செக்யூரிட்டி.

அம்மா சைக்கிள் கத்துக்கிட்டதே நாப்பது தாண்டித்தான். நான்தான் கத்துக் குடுத்தேன். ஓட்டுறதுக்குப் பயப்படல, விழுறதுக்கும் பயப்படல. மடியுறதுக்குத்தான் பயம்.

"பாதியா மடியுற சாமான எப்படிடி நம்புறது? நான் உக்காந்திருக்கறப்ப மடிஞ்சா?"

"லீவரப் போட்டா மடியாதும்மா."

"லீவருக்குத் தெரியுமா நான் எவ்ளோ வெயிட்டுன்னு?"

அதனாலதான் பொட்டு. ஆயுத பூஜை அன்னைக்குக் கடையில கிரைண்டருக்கு, தோசக்கல்லுக்கு, கல்லாப் பெட்டிக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வெப்பாங்க. அம்மா சைக்கிளையும் அந்த வரிசையில நிறுத்திருவாங்க. எல்லாரும் வண்டிக்கு ஹேண்டில்ல, டயர்ல வெப்பாங்க. அம்மா கீலுக்குப் பக்கத்துல, குழாய் ஒட்டுற இடத்துல வெப்பாங்க. சந்தனத்தத் தண்ணியா வெக்க மாட்டாங்க, நல்லா கெட்டியா அப்பி, நடுவுல குங்குமம். அடுத்த வருஷம் பழச அழிக்க மாட்டாங்க, அதுக்கு மேலயே வெப்பாங்க. சாமி பேர்ல வெச்சத நாமளே தொடைக்கக் கூடாதாம். அந்த இடம் மட்டும் சின்னதா மேடு தட்டியிருக்கும்.

அம்மா போயிட்டாங்க. கடை கிச்சன்ல நின்னுட்டிருந்தவங்க தல வலிக்குதுன்னு கீழ உக்காந்தாங்களாம். அவ்ளோதான். நானும் அப்பாவும் ஆஸ்பத்திரிக்குப் போறப்ப பேச்சு இல்ல. காரியமெல்லாம் முடிஞ்சப்பறம் கடையில வேலை பாக்குற அக்கா போன் பண்ணாங்க. "சைக்கிள் பின்னாடி கெடக்கும்மா. தப்பா எடுத்துக்காத, வழிய அடைக்குது." போனேன். எண்ணெய் டின்னுக்கும் வெங்காய மூட்டைக்கும் நடுவுல மடிஞ்சு கெடந்துச்சு. ஹேண்டில்ல ஒரு பிளாஸ்டிக் பை, உள்ள அம்மா கடையில போடுற செருப்பு. விரிச்சு ஓட்டிட்டு வந்தேன். வழியெல்லாம் வடை வாசம் அடிச்சுது. உண்மையா அடிச்சுதா, எனக்கு மட்டுமான்னு தெரியல.

எனக்குப் படிப்பு வரல. ஐடிஇ-ல தொழில் படிப்பு, அதையும் பாதில விட்டேன். பபிள் டீ கடையில கொஞ்ச நாள் நின்னேன், அதுவும் சரி வரல. சைக்கிள் கைல இருந்துச்சு, டெலிவரில சேந்துட்டேன். அம்மா ஏரியா தெரிஞ்ச ஏரியாங்கறதால தேக்கா, ஜாலான் புசார் பக்கமே ஓட்டுனேன். அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு வீட்ல ஒண்ணும் செய்யல. சாவு வீடு, வருஷம் திரும்பணும். அதனால கீல்ல இருந்தது அம்மா வெச்ச பொட்டு மட்டுந்தான். இங்க மழை வந்தா எப்படி வரும்னு தெரியும்ல. ஒரு நாள் நல்லா நனஞ்சுட்டு வந்து பாத்தா குங்குமம் ஓரமா ஒழுகி இருக்கு. பார்சல் ஒட்டுற கிளியர் டேப்ப எடுத்து அந்தக் குழாயச் சுத்தி நல்லா இறுக்கமா சுத்துனேன். டேப்பு மஞ்சளாச்சுன்னா அதுக்கு மேலயே இன்னொரு சுத்து. உள்ள சந்தனம் ஒரு மாதிரி கறுத்துப் போச்சு. இருந்தா போதும்னு விட்டுட்டேன்.

அப்புறந்தான் அந்த சத்தம்.

ஒரு மதியம் ஜாலான் புசார்ல சிக்னல்ல சடார்னு பிரேக் புடிச்சேன். முன்னாடி பாதி நின்னுச்சு. பின்னாடி பாதி கொஞ்சம் லேட்டா நின்ன மாதிரி இருந்துச்சு. எப்படிச் சொல்றதுன்னு தெரியல, ரெண்டு பேர் ஒண்ணா நடக்கறப்ப ஒருத்தர் தடுக்குனா இருக்குமே, அப்படி. எறங்கித் தள்ளிட்டே பக்கத்துல இருந்த சைக்கிள் கடைக்குப் போனேன். கடைய நடத்துறது ஒரு சீன ஆன்ட்டி. முடிய ஸ்பேனர் ஒண்ணாலயே சுருட்டிச் செருகியிருந்தாங்க. பாதி இங்கிலீஷ், பாதி மலாய், கடைசில ஒரு 'லா'ன்னு பேசுனாங்க. நானும் எனக்கு வர்றதப் பேசுனேன்.

கீலப் புடிச்சு ஆட்டிப் பாத்தாங்க. டேப்பப் பாத்தாங்க. "இது என்ன, பேண்டேஜா?"

"பொட்டு ஆன்ட்டி. சாமிக்கு வெக்கிறது."

"சாமி சைக்கிளா? சரி சரி. டேப்ப எடு, உள்ள பாக்கணும்."

"வேணாம். அது அம்மா வெச்சது."

"அப்ப அம்மாவக் கூப்டு, அவங்களே எடுக்கட்டும் லா."

அவங்க நிமிந்து என் மூஞ்சப் பாத்தாங்க. கையில இருந்த டார்ச்ச அணைச்சாங்க. கொஞ்ச நேரம் பிரேக் வயர நோண்டுற மாதிரி நோண்டிட்டு, மெதுவா சொன்னாங்க. இந்த மாடல்ல சிலது கீல் பக்கத்துல விரிசல் விட்டு வந்திருக்கு. இறக்குமதி பண்ற கம்பெனி பிரேம மட்டும் ஃப்ரீயா மாத்திக் குடுக்குது. விரிசல் இருக்குன்னு போட்டோ எடுத்து அனுப்பணும், பழைய பிரேமத் திருப்பிக் குடுத்தறணும்.

"குடுத்தா என்ன பண்ணுவாங்க?"

"என்ன பண்ணுவாங்க, இங்கயே அறுத்துருவேன். இல்லாட்டி எவனாவது பெயிண்ட் அடிச்சு வித்துருவான்."

நான் சைக்கிள எடுத்துட்டுக் கெளம்பிட்டேன். பின்னாடியே குரல் வந்துச்சு, "ஏய் கேர்ள், ஓட்டாத, தள்ளிட்டுப் போ." அந்தத் திருப்பம் வரைக்கும் தள்ளுனேன். அப்புறம் ஏறிட்டேன். போன் ஆப்புல ஆர்டர் வந்துருச்சு.

மறுநாள் சிராங்கூன் ரோட்டுலேர்ந்து ஒரு சந்துக்குள்ள திரும்புறப்ப சின்ன மேடு. அதுல ஏறி எறங்குனதும் நடுவுல பொத்துனு தொங்குச்சு. விழல. காலு ரெண்டும் தானா தரையில ஊணிருச்சு. முதுகுல இருந்த பையில சாம்பார் கொட்டி, சூடா இடுப்பு வரைக்கும் எறங்குச்சு. பின்னாடி ஒரு லாரி வந்துட்டிருந்துச்சு, நின்னுட்டான். ஹாரன் கூட அடிக்கல. அப்படியே நின்னேன். அழுகையும் வரல. ரொம்ப அலுப்பா இருந்துச்சு. யாராவது வந்து இத என் கைலேர்ந்து வாங்கிக்கிட்டா தேவலன்னு இருந்துச்சு, வாங்க வந்தா அடிக்கவும் தோணும் போல இருந்துச்சு.

அம்மாவோட தம்பி, என் மாமா, வெல்டர். ஜொகூர்ல வீடு, தினமும் எல்லைப் பாலத்தத் தாண்டி உட்லண்ட்ஸ்ல ஒரு பட்டறைக்கு வேலைக்கு வருவாரு. இரும்பு, அலுமினியத்துல கேட்டு, ஜன்னல் கிரில் எல்லாம் செய்யுற பட்டறை. போன் பண்ணேன். "கொண்டா பாப்பா, சாப்பாட்டு டைம்ல பாக்குறேன்"ன்னாரு. மடக்கி எம்ஆர்டில தூக்கிட்டுப் போனேன்.

நான் டேப்பப் பத்தி எதுவும் சொல்லல. அவரு வெளிச்சத்துல வெச்சுப் பாத்தாரு. கையக் கழுவிட்டு வந்தாரு, நல்லா சோப்புப் போட்டு. நெகத்தால டேப்போட முனையக் கண்டுபிடிச்சு ஒவ்வொரு சுத்தா பிரிச்சாரு. கடைசிச் சுத்துல பொட்டு டேப்போடயே ஒட்டிட்டு வந்துருச்சு. சேறு மாதிரி, நடுவுல கொஞ்சம் செவப்பு. அது இருந்த இடத்துல, வெல்டு ஓரமா, பென்சில்ல கோடு போட்ட மாதிரி ஒண்ணு. குழாயோட பாதிச் சுத்துக்கு ஓடியிருந்துச்சு. மாமா ரெண்டு பக்கமும் புடிச்சு லேசா அமுக்குனாரு. கோடு வாயத் தொறந்துச்சு. விட்டாரு, மூடிக்கிச்சு.

அம்மா எந்த இடத்த நம்பலையோ அந்த இடத்துலதான் பொட்டு வெச்சாங்க. அந்தப் பொட்ட யாரும் தொடைக்கல. அதனால யாரும் பாக்கல.

"வெல்டு போட முடியுமா மாமா?"

"முடியும்."

"அப்பப் போடுங்க."

"போட மாட்டேன்."

"ஏன்?"

"இது அலுமினியம். கேட்டுக்குப் போட்டா நிக்கும். கேட்டு மேல உக்காந்து எவனும் ரோட்டுல போறதில்ல லா. சூடு பட்ட இடம் பலம் எறங்கிரும். இந்தக் கோட்ட மூடுனா பக்கத்துல இன்னொண்ணு பிரியும். நான் போட்டுக் குடுத்தா மாமா போட்டதுன்னு நீ நம்பி ஏறுவ. அதான் போட மாட்டேன்."

"அம்மா சைக்கிள் மாமா."

"எனக்கு அக்கா. தெரியாதா எனக்கு?"

அவரு சாப்பாட்டுப் பொட்டலம் பிரிக்காமயே கெடந்துச்சு.

"இந்த டேப்ப யாரு சுத்துனா?"

"நான்தான். மழைல பொட்டு கரையக் கூடாதுன்னு."

மாமா சிரிச்சாரு. சிரிச்சுட்டே மூஞ்ச சட்டைத் தோள்ல தொடச்சாரு. "உங்கம்மாவும் இப்படித்தான். சின்ன வயசுல காலுல முள்ளு குத்துனா பிடுங்க விட மாட்டா, மேல துணியச் சுத்திக்கிட்டு ஆறிருச்சு ஆறிருச்சும்பா." அப்புறம் பட்டறையில கெடந்த பிளாஸ்டிக் கேபிள் டைய எடுத்து, மடிஞ்ச சைக்கிள அப்படியே நாலஞ்சு எடத்துல இறுக்கிக் கட்டுனாரு. "இது கடையிலதான் விரியணும். நடுவுல விரிச்சேன்னு தெரிஞ்சுது, உங்கப்பாகிட்ட சொல்லிருவேன்." அந்த டேப்பு, பொட்டோட சேத்து மடிச்சு, அவரோட சட்டைப் பையில போச்சு. நான் திருப்பிக் கேக்கல.

ஜாலான் புசார் ஆன்ட்டி கேபிள் டையப் பாத்துட்டு, கட்டரால வெட்டி, போட்டோ எடுத்தாங்க. புது பிரேம் வர்ற வரைக்கும் நடந்தே டெலிவரி பண்ணேன். காலு வீங்கிருச்சு. அப்பா வேலை முடிஞ்சு காலைல உள்ள வருவாரு, நான் வெளிய போவேன், வாசல்லதான் ரெண்டு பேரும் பாத்துக்குவோம். அம்மா போனதுலேர்ந்து அப்படித்தான். "சைக்கிள் எங்க"ன்னாரு. "ரிப்பேர்"ன்னேன்.

பிரேம் வந்துருச்சுன்னு ஆன்ட்டி கூப்பிட்டாங்க. பழசு நீலம், வந்தது கறுப்பு. "நீலம் இல்ல, கறுப்புதான் குடுத்தான்"ன்னு அவங்களே வருத்தமா சொன்னாங்க. ஒவ்வொண்ணா கழட்டி மாத்துனாங்க. சக்கரம், பிரேக், மணி, ஹேண்டில். சீட்டுக் கம்பிய உருவுனப்ப, "இது என்ன செவப்பு கோடு"ன்னாங்க. அது என்னோட நெயில் பாலிஷ். விரிச்சப்பறம் சீட்ட எந்த உயரத்துக்குத் தூக்கணும்னு தெரியுறதுக்கு அம்மா போட்ட கோடு. நான் அவங்கள விட உயரம், அதனால நான் ஓட்டறப்ப அந்தக் கோடு வெளிய தெரியும்.

"இதையும் குடுக்கணுமா ஆன்ட்டி?"

"இது பிரேம் இல்ல லா. இது உன்னோடது."

பழைய பிரேமத் தரையில போட்டாங்க. "நீ போய் எதிர்க்க காப்பி குடி. கூப்டுறேன்." நான் போகல. ஏன் போகலன்னு தெரியல. சுடுகாட்டுல பொம்பளைங்கள உள்ள விடலன்னு நான் வெளியிலயே நின்னுட்டேன், அது ஞாபகம் வந்துச்சு. அவங்க கண்ணாடிய மாட்டிட்டு இரும்பு அறுக்குற கிரைண்டர ஆன் பண்ணாங்க. விரிசல் இருந்த எடத்துலயே வெச்சாங்க. சீக்கிரமா முடிஞ்சுருச்சு. பாதி அதுவே போயிருந்துச்சுல்ல.

மாமா அப்பாகிட்ட விரிசலப் பத்தி சொல்லிட்டாரு போல. மறுநாள் காலைல அப்பா வேலையிலேர்ந்து வந்து, ஷூவக் கூடக் கழட்டாம சைக்கிள்கிட்ட குந்தி உக்காந்தாரு. போன் லைட்டப் போட்டு, வெல்டு ஓரமா விரிசல் ஏதும் தட்டுதான்னு கட்டவெரல் நெகத்தால மெதுவாச் சுத்தி ஒரு தடவ இழுத்தாரு. லீவரத் தூக்கித் திரும்ப அமுக்குனாரு.

"ஒண்ணும் இல்ல. போ."

அதுலேர்ந்து தெனமும் அதான். ராத்திரி முழுக்க முழிச்சிருந்த கண்ணோட உக்காந்து பாப்பாரு. நான் ஹெல்மெட்ட மாட்டிட்டு நிப்பேன். சில நாள் நான் ஏற்கனவே பாத்துட்டேன்பான்னு சொல்லுவேன். இருக்கட்டும்பாரு. எங்களுக்குள்ள இப்ப அந்தப் பேச்சுதான் இருக்கு. அதாச்சும் இருக்கே.

இந்த வருஷம் ஆயுத பூஜை வந்துச்சு. வருஷம் திரும்பிருச்சு, செய்யலாம்னாங்க சொந்தக்காரங்க. அப்பாவுக்கு சந்தனம் கொழைக்கத் தெரியல, தண்ணி ஜாஸ்தி. ஒழுக ஒழுக வெரல்ல எடுத்துட்டு கீல்கிட்ட போனாரு. போன கை நின்னுச்சு. எடுத்துட்டுப் போய் மணி மேல வெச்சாரு, அதுக்கு நடுவுல குங்குமம்.

"அம்மா கீல்லதான்பா வெப்பாங்க."

"தெரியும்."

துணிய எடுத்து, ஒண்ணும் இல்லாத அந்தக் கீலத் தொடச்சாரு. போன் லைட்டப் போட்டாரு. நெகத்தால சுத்தி இழுத்தாரு. லீவர அமுக்கிப் பாத்துட்டு கதவத் தொறந்து விட்டாரு.