ஜெர்மன் ராஜபார்ட்

எங்கள் வீட்டில் பாகவதர் என்றால் ஒருவர்தான், அவர் ஜெர்மானியர். மலாயாவில், தம்பின் என்ற ஊருக்கு வடக்கே, ரப்பர்க் காட்டுக்குள் ஒதுங்கிக் கிடந்த எங்கள் தோட்டத்தில் அவரை அந்தப் பெயரில் அறிந்தவர்கள் மாமா, அப்பா, அம்மா, நான் ஆகிய நால்வரே. அவர் முகத்தை நாங்கள் கண்டதில்லை. கறுத்த அரக்கு இசைத்தட்டு ஒன்றின் இரண்டு பக்கங்களிலும் பரவிய ஒரே ஒரு பாட்டாகத்தான் அவர் எங்களுக்குக் கிடைத்திருந்தார்.

மாமா அம்மாவின் தம்பி, மணமாகாதவர். வெள்ளைக்காரத் துரையின் பங்களாவில் ஆறு ஆண்டுகள் மேசையருகே நின்று பரிமாறியவர். அப்பா தோட்ட அலுவலகத்தில் பெயர்ப் பட்டியல்கள் எழுதும் சின்னக் கிராணி. ஜப்பானியர் வந்தபோது துரையும் துரைசாணியும் சிங்கப்பூருக்கு ஓடினார்கள். பங்களாவையும் அதிலிருந்த பாட்டுப்பெட்டியையும் மாமாவையும் புதிய ஜப்பானிய மேலாளர் ஒருசேரப் பெற்றுக்கொண்டார். ஆங்கிலத் தட்டுகளையெல்லாம் முற்றத்தில் போட்டு உடைக்கச் சொன்னது அவருடைய முதற்கட்டளை. மாமா ஒரு தட்டை மட்டும் விலக்கி எடுத்து, அது ஜெர்மன் என்றாராம். ஜெர்மனி ஜப்பானுக்கு நட்பு நாடு. ஆகவே பாகவதர் பிழைத்தார். அவரால் மாமாவும் பிழைத்தார்.

பிழைத்தார் என்பதை அணிக்காகச் சொல்லவில்லை. சயாமில் ரயில் பாதை போட ஒவ்வொரு தோட்டமும் ஆள் தரவேண்டியிருந்தது. வலுவுள்ள, மணமாகாத ஆண்களை முதலில் கேட்டார்கள். போனவர்களிடமிருந்து ஒரு சொல்கூட வந்து சேரவில்லை. அப்பா பட்டியலில் மாமாவின் பெயருக்கு எதிரே ‘நெஞ்சில் இளைப்பு நோய்’ என்று எழுதிவைத்தார். மாமாவும் மேலாளரின் காதில் விழும்படி நாளுக்கு நாலைந்து முறை இருமிவந்தார். மாலைதோறும் பாட்டுப்பெட்டியை முடுக்கவும், ஊசி கிடைக்காத அந்நாளில் எலுமிச்சை முள்ளைச் சீவி ஊசியாகப் பொருத்தவும் அவர் ஒருவருக்கே தெரியும். அதனால் மேலாளர் அந்த நோயை ஆராயப் புகவில்லை.

பாகவதரின் வரலாற்றை மாமா எனக்குத் தவணை முறையில் சொல்வார். தட்டின் உறையில் அச்சிட்டிருந்ததைத் துரைசாணி படித்து, அரைகுறை மலாயில் அவருக்குச் சொல்லியிருந்தாளாம். பாகவதர் கடிகாரம் பழுது பார்ப்பவரின் மகன். மாதா கோவிலில் பாடிப் பழகியவர். பிறகு நாடகக் கொட்டகையில் சேர்ந்து, ராஜபார்ட் பாடும்போதெல்லாம் பின்வரிசையில் ஈட்டி பிடித்துக்கொண்டு, வாய் திறவாமல் ஆறு வருடம் நின்றார். ஒருநாள் ராஜபார்ட்டுக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. ஈட்டிக்காரர் ஈட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு முன்னே வந்து பாடினார். அதன்பின் பெர்லின், வியன்னா, கப்பலேறி அமெரிக்கா. குதிரைகளை அவிழ்த்துவிட்டு ரசிகர்களே அவர் வண்டியை இழுத்தார்கள். மாமாவின் வாயில் அவர் ஐந்து கட்டைச் சுருதியில் பாடினார். மேடையேறுமுன் பனங்கற்கண்டும் மிளகும் மென்றார்.

“அந்த ஈட்டிய யாரு மாமா எடுத்துக்கிட்டா?” என்று ஒருமுறை கேட்டேன்.

“இன்னொருத்தன் வந்து புடிச்சிக்கிட்டான். ஈட்டி புடிக்கவா ஆளில்ல?”

பல்லாண்டுகள் கழித்து, சிரம்பான் நூலகத்தில் ஓர் இசை நூலில் அந்தப் பாடகரைத் தேடிக் கண்டேன். கடிகாரம் பழுது பார்த்த தந்தை அதில் இருந்தார். பெர்லினும் வியன்னாவும் இருந்தன. சொந்த நாட்டு மேடைகளிலிருந்து விலக்கப்பட்டு, நாங்கள் அவர் குரலைக் கேட்டுக்கொண்டிருந்த அதே நாள்களில் அவர் வேற்று நாடுகளின் சிறிய அரங்குகளில் பிழைப்புக்காகப் பாடித் திரிந்த செய்தியும் இருந்தது. ஈட்டி பிடித்த ஆறு வருடங்கள் மட்டும் எப்பக்கத்திலும் இல்லை. முதல் நாளிலிருந்தே அவர் ராஜபார்ட்தான்.

நான் சொல்ல வந்தது மழைக்காலத்தில் நடந்தது. எனக்கு அப்போது எட்டு வயது. ஈரத்தில் தட்டின்மேல் வெள்ளையாகப் பூஞ்சணம் படர்ந்து, பாகவதரின் குரல் கரகரத்தது. மறுநாள் மாலை சிரம்பானிலிருந்து விருந்தினர்கள் வருகிறார்கள், பாட்டு வேண்டும் என்று மேலாளர் சொல்லியிருந்தார். பக்குவமாகத் துடைக்கலாம் என்று மாமா தட்டைத் துண்டில் சுற்றி எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தார். மேசையில் வைத்துவிட்டு, பஞ்சு கேட்டு மருந்துக்கடைப் பக்கம் போனார்.

பூஞ்சணத்துக்கு மருந்து எனக்குத் தெரியும். தோட்டத்துக் குழந்தைகள் எல்லாருக்கும் தெரியும். ரப்பர்ப் பாளத்தில் பூஞ்சணம் பிடித்தால் கழுவித் துடைத்து, மறுபடி புகைவீட்டுச் சூட்டில் தொங்கவிடுவார்கள். ஒரு பொழுதில் பாளம் தேன் நிறத்துக்கு வந்துவிடும். மாமா வருவதற்குள் பாகவதரைக் குணப்படுத்திவிட வேண்டும் என்று எனக்கு ஆசை. தட்டைக் கழுவினேன். அரைகுறையாக இயங்கிக்கொண்டிருந்த புகைவீட்டில், பாளங்கள் தொங்கும் இரண்டு மூங்கில்களின்மேல் அதைப் படுக்கவைத்துவிட்டு, கதவையும் கவனமாகச் சாத்திவந்தேன்.

மாமாவும் நானுமாகப் போய்ப் பார்த்தபோது, மூங்கில்களுக்கு நடுவே தட்டு தொட்டிலாகத் தொய்ந்திருந்தது. அவர் அதைச் சூட்டோடு எடுத்து, இருபுறமும் திருப்பிப் பார்த்தார். மறுபடி துண்டில் சுற்றிக்கொண்டார்.

அன்று வீட்டில் அடுப்பில் மரவள்ளிக் கிழங்கு வெந்துகொண்டிருந்தது. அப்பா குரலைத் தாழ்த்தியே பேசினார்.

“மழையில நனஞ்சு போச்சின்னு சொல்லு மாப்ளே. ரெண்டு அறை விழும். வாங்கிக்க. அப்பறம் நல்லா இருமிட்டு வந்துரு.”

“பொட்டி பாடலன்னா நான் எதுக்கு மச்சான் அவனுக்கு? இருமிக் காட்டவா?”

“வேற என்னா செய்யப்போற?”

“பாட்டு எனக்குத் தெரியும்.”

அம்மா கிழங்கைக் கிளறுவதை நிறுத்திவிட்டார். “பாடுனா மூச்சு வேணும் தம்பி. ஒனக்குத்தான் மூச்சே இல்லன்னு இவங்க எழுதி வச்சிருக்காங்க.”

“மெதுவாப் பாடறேன்க்கா. பொட்டி பாடற சத்தந்தான் வரும். இழுத்தாப்ல பாடிட்டு, நடுவுல ரெண்டு இருமல் போட்டுட்டு வந்துர்றேன்.” பிறகு, அப்பாவைப் பாராமல், “ஆறு வருஷம் மச்சான்,” என்றார்.

பாகவதரைச் சொல்கிறார் என்று நான் நினைத்தேன்.

மறுநாள் மாலை அவர் வெளுத்த வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டார். பங்களாவுக்குப் பூப்பறித்துக் கொடுக்கும் சாக்கில் நானும் கூடவே போனேன். விருந்தினர் ஐவரும் மேலாளரும் சாய்வு நாற்காலிகளில் அமர்ந்திருந்தார்கள். நான் சமையற்கட்டின் வாசலில் நின்றேன். மாமா கோணிப்போன தட்டை இரு கைகளிலும் ஏந்திக் காட்டினார். மேலாளரின் முகம் கடுத்தது. அவர் எழுவதற்குள் மாமா அதைப் பெட்டியின்மேல் வைத்துவிட்டு, இரண்டடி முன்னே வந்து தொடங்கிவிட்டார். பின்னால், அவர் வழக்கமாக நிற்குமிடம் காலியாக இருந்தது.

சொன்னபடி மெதுவாகத்தான் தொடங்கினார். ஒரு சொல்லுக்கும் பொருள் தெரியாமல், ஒரு சொல்லையும் விடாமல் பாடினார். தட்டில் கீறல் விழுந்த இடத்தில் முள் சிக்கி மும்முறை ஒலிக்கும் அடியை அவரும் மும்முறை பாடினார். அதுவும் பாட்டின் பகுதி என்றே எங்களுக்கு எண்ணம். முதற்பக்கம் முடிந்தது. விருந்தினர்கள் பாட்டு முடிந்ததென்று கைதட்டினார்கள். மாமா கையை உயர்த்தி அவர்களை அடக்கினார். தட்டைத் திருப்பி, முள்ளை மாற்றி, பெட்டியை முடுக்க எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் அசையாமல் நின்றார். அறுவரும் வாய் பேசாமல் காத்திருந்தார்கள்.

இரண்டாம் பக்கம் மேல் ஸ்தாயியில் போவது. அதில் முதல் இருமலுக்கு என்று அவர் குறித்திருந்த இடம் வந்தது, எனக்கும் சொல்லியிருந்தார். அவர் இருமவில்லை. அடுத்த இடமும் கடந்தது. குரல் தன் அளவை மறந்துவிட்டது. கூடத்தை நிரப்பி, சன்னல்களைக் கடந்து, கீழே ஓடைவரை போயிற்று; தொழிலாளர் குடியிருக்கும் லயத்து நாய்கள் குரைப்பதைக் கேட்டேன். கடைசியில் ஒரே சுரத்தில் நீளும் ஓர் இழை வரும். தட்டில் அது தேய்ந்து பாதியிலேயே மங்கிவிடும். மாமா அதை மங்கவிடவில்லை. நான் மூச்சடக்கிக் கூடவே போகப் பார்த்தேன். எனக்கு இரண்டு முறை மூச்சு முட்டியது, அவர் இன்னும் பிடித்துக்கொண்டிருந்தார். அவர் முகம் அப்படி ஒளிர்ந்து நான் அதற்குமுன் கண்டதில்லை.

விருந்தினர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். மேலாளர் அருகே வந்து, மாமாவின் மார்பில் உள்ளங்கையைப் பதித்து, இருமுறை தட்டி, மலாயில் “குவாட்” என்றார். வலுவானது என்று பொருள். விருந்தினரில் ஒருவரும் தட்டிப் பார்த்து, தலையசைத்தார். மாமா அப்போதுதான் இருமினார். எல்லாரும் சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார்.

வீடு சேரும்வரை அந்தச் சொல்லை நான் வாயிலிருந்து இறக்கவில்லை. முற்றத்திலிருந்தே கத்தினேன்: “அப்பா, மாமா நெஞ்சத் தட்டி, குவாட்டுன்னு சொன்னாங்க!” அப்பா பட்டியல் எழுதும் பேனாவைக் கழுவிக்கொண்டிருந்தார். கழுவி முடித்த பேனாவையே மேலும் வெகுநேரம் கழுவினார்.

மூன்றாம் நாள் காலை, பெயர் கூப்பிடும் பெரட்டுத் திடலில், தம்பின் ரயில் நிலையத்துக்குப் போகும் லாரி நின்றது. மாமா அதன் பின்தட்டில், மற்றவர்களோடு, குவளை ஒன்றும் போர்வை ஒன்றும் வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தார். போர் முடிந்து சயாமிலிருந்து திரும்பியவர்களில் அவர் இல்லை.

எனக்கு அன்று அழுகை வரவில்லை. லயத்துப் பிள்ளைகளைக் கூட்டி வைத்துக்கொண்டு, “மத்தவங்கதான் வேலைக்குப் போறாங்க. எங்க மாமாவப் பாடறதுக்குக் கூப்புட்டிருக்காங்க. அவரு பாட்டக் கேட்டுத்தான் கூட்டிக்கிட்டுப் போறாங்க,” என்று அளந்துகொண்டிருந்தேன். ஒருத்தி, தட்டு எப்படிக் கெட்டது என்று கேட்டாள். நான்தான் புகைவீட்டில் வைத்தேன் என்று அதையும் பெருமையோடு சொன்னேன். அது கெடாதிருந்தால் மாமா பாடியிருக்க முடியாதல்லவா.

திரும்பிப் பார்த்தால் அம்மா நின்றிருந்தார். கிழங்குத் தோலைத் தடிப்பாகச் சீவியதற்கே கை நீட்டுகிறவர். வீண் பெருமைக்கும் பொய்க்கும் தனித்தனி அடி உண்டு. நான் தலையைக் குனிந்துகொண்டேன். அடி விழவில்லை. அவர் என் கையைப் பிடித்து வீட்டுக்கு நடத்திவந்தார். படியில் உட்காரவைத்து, காலையில் பின்னிய சடையை அவிழ்த்து, மறுபடி வாரத் தொடங்கினார். வாரி முடித்து மீண்டும் முதலிலிருந்து வாரினார். தட்டைப் பற்றி அன்றும் கேட்கவில்லை; சாகும்வரையும் கேட்கவில்லை.

சீப்பு உச்சியிலிருந்து நுனிவரை இறங்கிக்கொண்டேயிருந்தது. மாமாவுக்கு வந்த வாழ்வை நினைத்து அம்மாவும் பெருமையில் பேச்சிழந்திருக்கிறார் என்று எண்ணிக்கொண்டு, தலை வலித்தும் அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.