கிணற்றுமேல் தொங்கிய நாற்காலி

வெள்ளைக்காரச் சக்கரவர்த்தி டெல்லியில் தர்பார் நடத்திச் சிம்மாசனத்தில் உட்கார்ந்த வருஷத்தில்தான் எனக்கும் ஒரு நாற்காலி வந்து சேர்ந்தது. அவருக்காவது உட்காரக் கொடுத்துவைத்திருந்தது.

நான் அப்போது கொக்கிரகுளம் கலெக்டர் கச்சேரியில் குமாஸ்தா. வீடு ஆற்றுக்கு அக்கரையில். ஒருநாள் காலையில் கிளம்பும்போது என் மனைவி வழிமறித்தாள்.

"கெணத்துக் கப்பி ரெண்டாப் பொளந்து எட்டு நாளாச்சு. வெறுங்கையாலதான் இழுக்கேன். இன்னைக்காவது ஒண்ணு வாங்கிட்டு வாரியளா?"

தலையாட்டினேன். ஆற்றில் குளிக்கிறவனுக்குக் கிணற்றைப் பற்றி என்ன கவலை?

சாயங்காலம் பாளையங்கோட்டைச் சந்தைக்குப் போகிற வழியில், மாற்றலாகிப் போகும் ஒரு துரையின் சாமான்களை ஏலம் போட்டுக்கொண்டிருந்தார்கள். அதில் பிரம்பு பின்னிய நாற்காலி ஒன்று. பார்த்தபோது அது வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை. பக்கத்தில் நின்ற இன்னொரு குமாஸ்தா கையைத் தூக்கினான். உடனே, பிறந்ததிலிருந்தே அந்த நாற்காலிக்காகத்தான் நான் ஏங்கிக்கொண்டிருக்கிறேன் என்பது விளங்கிவிட்டது. கப்பிக்கு வைத்திருந்த பணமும் அதற்கு மேலும் அங்கே போயிற்று.

கூலியாள் தலையில் நாற்காலி முன்னே போக, நான் பின்னே பாலத்தைக் கடந்தேன். நாலு பேர் பார்க்கட்டும் என்று அவனைப் பைய நடக்கச் சொன்னேன்.

மனைவி நாற்காலியைப் பார்த்தாள். அதன் பின்னாலும் எட்டிப் பார்த்தாள். "கப்பி எங்க?" என்றாள்.

"அடுத்த வாரம்."

பத்தமடைப் பாயில் உட்கார்ந்திருந்த என் தகப்பனார் கேட்டார்: "ஏலே, இதுல யாரு உக்காந்தது?"

"ஒரு துரைப்பா."

"மாடு தின்னுதவன் உக்காந்ததையா வீட்டுக்குள்ள கொண்டாந்திருக்க? முத்தத்துல போட்டு இருபத்தோரு கொடம் தண்ணி ஊத்தச் சொல்லு!"

ஊற்றினாள். அத்தனையும் கப்பியில்லாத கிணற்றிலிருந்து இழுத்த தண்ணீர். நான் மேற்பார்வை பார்த்தேன். கடைசிக் குடத்தின்போது கயிற்றில் சிவப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. குங்குமமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

இவ்வளவு சுத்தம் செய்த நாற்காலியில் உட்கார வேண்டியதுதானே? அங்கேதான் சிக்கல். தகப்பனார் கீழே பாயில் இருக்கையில் மகன் மேலே காலைத் தொங்கப்போட்டு உட்காருவதாவது! அவரையே உட்காரச் சொன்னேன். "எனக்குப் பாய் போதும்லே" என்றார். அவர் கண்ணயர்ந்த நேரம் பார்த்து நாற்காலியை நெருங்கினால், தூக்கத்திலேயே கனைத்தார். விருந்தாளிகள் வந்தால், ஒரே நாற்காலியில் யாரை உட்காரவைத்து யாரைக் கீழே விடுவது? கடைசியில் என் கச்சேரித் தலைப்பாகை மட்டும் அதில் சௌகரியமாக உட்கார்ந்திருந்தது. அடுத்த வாரம் என்று சொன்ன கப்பியும் மூன்று வாரமாக வரவில்லை.

ஒருநாள் வீடு திரும்பினால் நாற்காலியைக் காணோம். புறவாசலிலிருந்து கிறீச் கிறீச்சென்று சத்தம்.

"நாற்காலி எங்க?" என்று கத்தினேன்.

"கெணத்துமேல தொங்குது, போய்ப் பாருங்க" என்றாள் மனைவி.

போய்ப் பார்த்தேன். புத்தம் புது இரும்புக் கப்பி. தகப்பனாருக்குச் சவரம் செய்ய வருகிற நாவிதர் கடைத்தெருவில் புதிதாகக் கிராப்பு வெட்டும் கடை திறந்திருந்தார். நாற்காலியை எடுத்துக்கொண்டு, பதிலுக்குக் கப்பியை வாங்கி அவரே மாட்டியும் கொடுத்துவிட்டாராம். நான் குதித்தேன். "சும்மா கெடலே. இப்பதான் வெந்நி நேரத்துக்கு வருது" என்றார் தகப்பனார்.

ஆசை அதோடு விட்டதா? ஒரு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு, அந்தக் கடைக்கே போனேன். என் நாற்காலி கண்ணாடிக்கு முன்னால் ராஜாமாதிரி இருந்தது. உட்காரப் போனேன். நாவிதர் மரியாதையாகத் தடுத்தார்.

"குடுமிக்காரங்களுக்குப் பலகதான் அய்யா. நாற்காலி கிராப்புக்காரங்களுக்கு."

குடுமியை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டேன். பிறகு உட்கார்ந்தேன். சுகமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். எழுந்தபோது என் குடுமி தரையில் கிடந்தது.

சந்து வழியாகப் புறவாசலுக்கு வந்தேன். முடி வெட்டிக்கொண்டவன் குளிக்காமல் வீட்டுக்குள் நுழைய முடியாது. தகப்பனார் ஒருமுறை பார்த்துவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். மனைவி சிரிக்கவில்லை. துவைக்கிற கல்லைக் காட்டினாள்.

"இங்கன உக்காருங்க. நாற்காலிக்கு ஊத்துன இருபத்தோரு கொடமும் உங்களுக்கும் உண்டு."

கப்பி கிறீச்சிட்டது. குடம் குடமாகத் தண்ணீர் தலையில் விழுந்தது. ஒவ்வொரு குடத்தையும் கவிழ்க்கும்போது அவளுடைய உள்ளங்கை என் முகத்துக்கு நேரே வந்துபோயிற்று. கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் அன்றைக்குத்தான் அந்தக் கையை நான் சரியாகப் பார்த்தேன். இரண்டு கையிலும் குறுக்கே, கயிற்றின் அகலத்துக்கு, ஆறிப்போன தழும்பு. கயிற்றில் ஒட்டியிருந்தது குங்குமம் இல்லை.

எனக்கு ரொம்ப வெட்கமாகப் போய்விட்டது. மீதியை ஆற்றிலேயே முழுகிக்கொள்கிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை. இருபத்தோராவது குடம்வரைக்கும் மொட்டைப் பிடரியைக் குனிந்து காட்டிக்கொண்டு அந்தக் கல்லிலேயே உட்கார்ந்திருந்தேன்.