மீன் சேராத பிள்ளை

புன்னக்காயலில் என் வீட்டுக்காரர் மீன்பிடித் தோணியில் போய்க்கொண்டிருந்த காலம். எங்கள் மூத்த மகளுக்கு ஒரு வயது நிரம்பியதும், அவருடைய அக்கா கிழங்கான் மீனை அவித்து, முள் பார்த்து எடுத்து, சோற்றில் பிசைந்து ஊட்டினார்கள். நான் மதினி என்று கூப்பிடும் அந்த அக்காவுக்குப் பிள்ளை கிடையாது. என் மகள்தான் அவர்களுக்கு உயிர்.

இரண்டு வாய்தான் உள்ளே போயிருக்கும். பிள்ளையின் உதடு வீங்கியது. உடம்பெல்லாம் தடிப்புத் தடிப்பாக எழும்பி, கண் இடுங்கி, தின்றதையெல்லாம் கக்கிவிட்டாள். சாயங்காலம் எல்லாம் வடிந்து சிரித்தாள். "கண்ணு பட்டிருக்கு" என்று மதினி மிளகாய் சுற்றிப் போட்டார்கள். கொஞ்ச நாள் விட்டு மறுபடியும் மீன் ஊட்டினார்கள். மறுபடியும் அதே வீக்கம்.

"மதினி, இவளுக்கு மீன் சேரல" என்றேன்.

"கடக்கரையில பொறந்த பிள்ளைக்கு மீன் சேராதாக்கும்? உலகத்துல இல்லாத கதையால்லா சொல்லுத!"

ஒருநாள் மத்தியானம் கடலிலிருந்து வந்த என் வீட்டுக்காரர், வாசலுக்கு ஓடிவந்த பிள்ளையைத் தூக்கி இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தார். கொஞ்ச நேரத்தில் அவர் உதடு பட்ட இடம் மட்டும் சிவந்து தடித்துவிட்டது.

"ஏட்டி, இது நான் முத்தங் குடுத்த எடமா?" என்று கேட்டார். எத்தனையோ காற்றையும் அலையையும் பார்த்த மனுஷன், பிள்ளையைக் கீழே இறக்கிவிட்டுத் தள்ளி நின்றார். மதினி எட்டிப் பார்த்தார்கள். மீன் சட்டியைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்குப் போனார்கள். அன்றிலிருந்து மீன் அடுப்பு கொல்லையில்தான்.

தோணியிலேயே தூத்துக்குடி போய் வெள்ளைக்கார டாக்டரிடம் காட்டினோம். "சில பேருக்குச் சில சாப்பாடு விஷம். கொடுக்காதீர்கள், அவ்வளவுதான் மருந்து" என்றார்.

அதற்குப் பிறகு கரை இறங்கியதும் என் வீட்டுக்காரர் புளியும் சாம்பலும் போட்டு உடம்பைத் தேய்த்து, ஆற்றில் முங்கி, வேறு வேட்டி கட்டிக்கொண்டுதான் பிள்ளையைத் தொடுவார். அவளுக்கு அது தெரியுமா? அப்பாவைக் கண்டதும் கையை விரித்துக்கொண்டு மணலில் ஓடுவாள். அவர் தப்பித்து ஆற்றைப் பார்த்து ஓடுவார். வலை உலர்த்துகிறவர்கள், "ஏலே, வெரசா ஓடு, பிடிச்சிரப் போறா!" என்று கத்துவார்கள். அவள் கெக்கெக்கே என்று சிரித்தபடி துரத்துவாள்.

பிள்ளைக்குக் காய்கறி வாங்க ஆத்தூர்ச் சந்தைக்கு அவரே போவார். மீனின் செவுளைத் தூக்கிப் பார்க்கிற மாதிரி கத்தரிக்காயின் காம்பைத் தூக்கிப் பார்ப்பாராம். முதல் தடவை கொண்டுவந்த வெண்டைக்காயை அரிவாள்மணையில் வைத்து அமுக்கினாலும் அறுபடவில்லை. "பெருசா இருந்தா நல்லதுன்னு நெனச்சேன்" என்றார். மீனுக்கு அது சரிதான்.

இவ்வளவு காபந்து பண்ணியும் ஒரு கல்யாண வீட்டில் தவறிப்போனது. யாரோ ஒரு பிள்ளை பாசமாகத் தன் இலையிலிருந்த மீன் குழம்புச் சோற்றை இவள் வாயில் வைத்துவிட்டது. இந்தத் தடவை மூச்சு இழுத்தது. அவர் அவளை நிமிர்த்தித் தோளில் சாய்த்துக்கொண்டு, காற்று அடிக்கிற பக்கமாகக் கரையில் நடந்தார். நான் மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டே பின்னால் நடந்தேன். அவள் வாந்தி எடுத்து, மூச்சுச் சீராகி, "அப்பா, தண்ணி" என்று கேட்ட பிறகுதான் அவர் மணலில் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் அழுதுவிட்டார்.

அதோடு மதினி காவலுக்கு நின்றுவிட்டார்கள். விசேஷ வீட்டுக்கு முதல்நாளே போய், "எங்க பிள்ளைக்கு ஒரு சட்டி பருப்பு தனியா வைங்க, மீன் கரண்டி அதுல படப்புடாது" என்று சொல்லிவிட்டு வருவார்கள். கோயில் வாசலில் யாராவது பிள்ளையிடம் தின்ன எதையாவது நீட்டினால் நீட்டினவர் பாடு அதோகதிதான்.

மூன்று வயதில், தன்னைத் தூக்க வருகிற எல்லாரையும் அவளே கேட்கப் பழகிவிட்டாள். ஒரு தடவை வீடு மந்திரிக்க வந்த பங்குச் சாமியார், அவள் தலையில் கை வைக்கப் போனார்.

"சாமி, மீன் தொட்டியளா?"

எனக்கு வெட்கம் பிடுங்கியது. சாமியார் கையை இழுத்து மோந்து பார்த்தார். "மத்தியானம் சாப்பிட்டேனே, தாயி" என்றார்.

மதினி செம்பில் தண்ணீரைக் கொண்டுவந்து நீட்டினார்கள். அவர் முற்றத்தில் குனிந்து கழுவி, கையை அவளிடம் காட்டினார். அவள் இரண்டு கையையும் மோந்து பார்த்தாள். பிறகு, சரி என்று தலையைக் குனிந்து கொடுத்தாள்.